மயில் கத்தாத மூன்று மணித்தியாலம்

2025 பங்குனியில், காலபோக வெட்டு முடிந்து வயலெல்லாம் அரிதாளாகக் கிடந்த நேரம், ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் பிளாஸ்ரிக் உறை. உள்ளே கொழும்புக் கடையொன்றின் விலைப்பட்டியல். பெரிய ஸ்பீக்கர் சோடி, சுவருக்கு ஒட்டுகிற கறுப்புப் பஞ்சு, இரண்டு கொன்டென்சர் மைக், நிறம் மாறும் லைற், ஏசி. அடியில் கூட்டுத்தொகை 18 லட்சத்துச் சொச்சம்.

"அண்ணை, நானாட்டானில நானும் ஒரு ஸ்ரூடியோ போடலாம் எண்டு யோசிக்கிறன். சரிவருமோ?"

"உங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஆரும் கோழி வளக்கினமோ?" என்று கேட்டேன்.

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் கேட்ட கேள்வியை நானே எனக்கு இரண்டு தரம் கேட்டவன். முதல் தரம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இரண்டாம் தரம் ஓம் என்றேன். இரண்டு முடிவுக்கும் மைக்கின் விலை காரணமே இல்லை.

என் தொழில் தொடங்கியது ஹோர்னில். பனை மரத்தில் ஏணி வைத்து ஹோர்ன் கட்டுகிற வேலைக்கு, மரம் ஏறத் தெரிந்த சின்னப் பெடியள்தான் சவுண்ட் சேர்விஸ்காரருக்குத் தேவை. கோயில் திருநாள் என்றால் ஒன்பது நாளும் சாப்பாடு, முடிவில் கொஞ்சக் காசு. அங்கேதான் ஒரு விசயம் பிடிபட்டது: காற்று எந்தப் பக்கம் என்று பாராமல் ஹோர்னைத் திருப்பினால் பாட்டுப் பக்கத்து ஊருக்குப் போகும், எங்கள் ஊருக்கு வராது. சோளகம் வீசுகிற மாதங்களில் ஒரு பக்கம், வாடை தொடங்கினால் மற்றப் பக்கம்.

1990இல் யுத்தத்தால் தலைமன்னார் ரயில் நின்றது. நாங்களும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மடுக்கோயில் வளவில் தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்தில் மின்சாரம் கிடையாது, பற்றரி வருவது தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் கசெற் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும். பாடகரின் குரல் இழுபட்டுக் கட்டையாகிவிடும். சத்தத்துக்கும் கரண்டுக்கும் உள்ள சொந்தத்தை எனக்கு முதலில் படிப்பித்தது அந்தப் பெடல். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சமாதான காலத்தில், 2003இல், கொழும்புக்குப் போய் ஒரு சின்ன ஸ்ரூடியோவில் வயர் சுற்றுகிறவனாகச் சேர்ந்தேன். வயர் சுற்றுவது லேசு என்று நினைக்க வேண்டாம். முழங்கையில் சுற்றினால் உள்ளே முறுக்கு விழுந்து ஆறு மாதத்தில் வயர் செத்துவிடும். ஒரு வளையம் மேலே, ஒரு வளையம் கீழே என்று கையிலேயே மாற்றி மாற்றிப் போட வேண்டும். முதல் மூன்று மாதமும் எனக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அங்கே போகும்போது என் தலையில் இருந்தது இலங்கை வானொலியின் மெல்லிசைப் பாட்டுகள். ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி என்று பெயர் சொல்லி அறிவிப்பாளர் பாட்டைத் தொடங்கினால் அம்மா அரிசி புடைக்கிறதை நிறுத்திவிடுவா. வடக்கிலிருந்து ஒருவர் தன் குரலைப் பதிய வேண்டுமென்றால் அந்த நாளில் கொழும்பு 7, ரொறிங்டன் சதுக்கத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட பாட்டுகள்தான் நாள் முழுக்கப் பதிவாகும் என்று நான் எதிர்பார்த்துப் போனேன். நடந்தது வேறு. 1998இல் சூரியன், சக்தி என்று தனியார் எப்.எம்.கள் வந்த பிறகு தமிழ் விளம்பரத்துக்குக் குரல் தேவைப்பட்டது. காலையில் சவர்க்காரம், மத்தியானம் மாக்கூழ், பின்னேரம் நகைக்கடை. பாட்டு வருவது வாரத்தில் ஒன்று, அதுவும் காசு பாதிதான் வந்திருக்கும். முதலாளி ஒரு நாள் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினார். வாடகையைக் கட்டியது 30 செக்கன் விளம்பரங்கள். பாட்டு அவருக்கு மரியாதையைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

பிறகு வாசித்துப் பார்த்தால் பெரிய ஆட்களின் கதையும் அப்படித்தான் இருக்கிறது. ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டு வளவுக்குள் பஞ்சதன் ரெக்கோட் இன் என்ற ஸ்ரூடியோவைக் கட்டினார். 'ரோஜா' வந்தது 1992இல். அந்த இடைவெளியில் வேலை கொடுத்தவை விளம்பர இசைத் துண்டுகள். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் சாம் பிலிப்ஸ் 1950 தையில் ஸ்ரூடியோ திறந்தபோது கலியாண வீடு, செத்த வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பதிந்தார். எல்விஸ் பிறெஸ்லி 1953இல் அந்த வாசலுக்கு வந்ததும் நாலு டொலரளவில் காசு கட்டித் தன் குரலைத் தட்டில் எடுத்துப் போகிற ஒரு வாடிக்கையாளனாகத்தான். செத்த வீடு பதிந்த ஆள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே எனக்கு அந்த மனிசனில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

2012இல் ஊருக்குத் திரும்பினேன். திரும்பவும் ஹோர்ன், இந்தத் தரம் பெட்டி ஸ்பீக்கர்களோடு. சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்திருந்தபடியால் பூநகரியால் யாழ்ப்பாணம் போவது லேசாகிவிட்டது. அதுவே எனக்குப் பிரச்சினையும் ஆனது. எங்கள் பக்கத்துப் பாடகர் குழுக்கள் கோயில் திருநாளுக்கு ஒரு சீடி அடிக்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்ப் பதிந்துகொண்டு வந்தன. இருபது பிள்ளைகள், நாலு பெரியாக்கள், சாப்பாடு, பஸ் காசு. இவ்வளவையும் நானாட்டானிலேயே செய்யலாமே என்று யோசனை வந்தது 2018இல்.

சவுண்ட் சேர்விஸ்காரனுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: லைன் இழுக்க முதல் வளவைச் சுற்றி நடந்து பார்ப்பான். நானும் காசு தேடப் போக முதல் சத்தத்தைத் தேடினேன். ஒரு கைப்பதிவுக் கருவியை வீட்டு முன்னறையில் வைத்து, 24 மணித்தியாலம் ஓட விட்டேன். பிறகு மூன்று நாளாக இருந்து கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது.

விடிய 4 மணிக்குக் கோயில் மணி. நாலரைக்கு மயில். எங்கள் பக்கத்தில் மயில் என்பது காகம் மாதிரி. வயல் வரம்பெல்லாம் நிற்கும், கூரையில் ஏறும், மழைக்காலம் வந்தால் ஒன்று தொடங்க மற்றது பதில் சொல்லும். மயிலின் குரலை எந்த வடிகட்டியாலும் எடுக்க முடியாது, ஏனென்றால் அது பெண் குரல் இருக்கிற அதே இடத்தில் இருக்கிறது. 6 மணிக்கு லான்ட் மாஸ்ரர் உழவு மெசின். 7க்குப் பாண்காரனின் ஓட்டோ, அந்த ஒரே மெட்டு, அதை எழுதவே தேவையில்லை. 8க்குப் பாடசாலைக் காலைக் கூட்டம். 9க்குப் பிறகு எங்கேயோ ஓடு வெட்டுகிற கிறைண்டர், அல்லது தண்ணீர்ப் பம்ப். மத்தியானம் கொஞ்சம் அடங்கும், ஆனால் தகரக் கூரை வெக்கைக்கு விரிந்து 'டிக் டிக்' என்று வெடிக்கும். 3 மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 5க்கு மறுபடி மயில். 6க்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ரீவி நாடகம், எல்லா வீட்டிலும் ஒரே நாடகம். பத்தரைக்கு நாய்கள் கூட்டம் போடும். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை ஒன்றுமில்லை. இரண்டுக்குப் பிறகு வயல் காவல்காரர் பன்றி விரட்டப் போடுகிற வெடி.

ஆக ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம். இரவு 11 முதல் 2 வரை எந்தத் தாய் தன் மகளைப் பாட்டுப் பதிய அனுப்புவா? எந்தப் பாடகர் குழு வரும்? மூன்று மாதம் யோசித்துவிட்டு வேண்டாம் என்று கொப்பியை மூடினேன். கவலைப்பட்டேன்தான். ஆனால் சவுண்ட் சேர்விஸ் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் தரம் யோசித்தது 2021இல், கொரோனாவுக்குள். திருநாள் இல்லை, கலியாண வீட்டுக்கு ஆள் கணக்கு. பெட்டி ஸ்பீக்கர்களில் எலி குடி வந்தது. ஆனால் வேறொரு வேலை வரத் தொடங்கியிருந்தது: செத்த வீட்டுக்கு ஆட்கள் போக முடியாத காலம் என்றபடியால் மரண அறிவித்தலும் நினைவு அஞ்சலியும் குரலாகப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். லண்டனில் இருக்கிற மகனுக்கு, கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளைக்கு. கைபேசியில் படுக்கையறைப் போர்வைக்குள் குந்தியிருந்து வாசித்து அனுப்பினேன். ஒரு மாதத்தில் 11 வந்தது. அப்போதுதான் பழைய முதலாளியின் கணக்குக் கொப்பி நினைவுக்கு வந்தது. நான் 2018இல் கேட்ட கேள்வியே பிழை. பாட்டுக்கு எத்தனை அமைதியான மணித்தியாலம் என்று கேட்டேன். பேச்சுக்கு அவ்வளவு அமைதி தேவையில்லை. ஒரு அறிவித்தல் இரண்டு நிமிடம். இரண்டு மயிலுக்கிடையில் வாசித்துவிடலாம்.

இடமும் அமைந்தது. அப்பாவின் நெல் அறை, வீட்டோடு ஒட்டாமல் வளவின் பின்பக்கம் தனியாக இருந்தது. தடித்த சுவர், ஒரேயொரு சின்ன யன்னல். 12 அடிக்கு 10 அடி, உயரம் 9. அளவுகள் மூன்றும் ஒன்றாக இல்லாதது அதிர்ஷ்டம். பெட்டி மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தால் ஒரே சுருதி எல்லாச் சுவரிலிருந்தும் சேர்ந்து முழங்கும். எங்கள் வெக்கையில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும். 10 அடிச் சுவர்களுக்கிடையில் அது 57 ஹேர்ட்ஸில் ஒரு தரம் முழங்கும், பிறகு அதன் இரட்டிப்பு 115இல். அந்த இரண்டாவதுதான் சனியன். ஆம்பிளை சாதாரணமாகக் கதைக்கிற குரலின் அடி அங்கேதான் கிடக்கிறது.

முதலில் அந்த அறைக்குள் போய்க் கைதட்டியபோது சத்தம் செத்து விழுந்தது. அப்படி ஒரு அறையை நான் கொழும்பில்கூடக் கேட்கவில்லை. மூன்று பக்கமும் கூரை வரைக்கும் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. ஆனந்தப்பட்டு மனுசிக்குச் சொன்னேன். அடுத்த கிழமை அப்பா நெல்லை விற்றுவிட்டார். போய்க் கைதட்டினால் கிணற்றுக்குள் தட்டின மாதிரி இருந்தது.

நெல்லை வாங்கி நிரந்தரமாக அடுக்கி வைக்கிற வசதி எனக்கில்லை. உமி நிரப்பிய சாக்கு வைத்துப் பார்த்தேன். சத்தத்தை நன்றாகக் குடித்தது, ஆனால் தூசியில் எல்லாரும் தும்மினார்கள், பூச்சியும் வந்தது. முட்டைத் தட்டு ஒட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். முட்டைத் தட்டு கீச்சுச் சத்தத்தில் கொஞ்சத்தைக் கலைக்கும், வேறொன்றும் செய்யாது. அந்தப் பெடியனின் பட்டியலில் இருந்த கறுப்புப் பஞ்சும் பெரும்பாலும் அதே வேலைதான், விலைதான் வேறு. கடைசியில் பழைய தும்பு மெத்தைகளைத் தேடி வாங்கினேன். சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிச் சட்டம் அடித்து, உள்ளே மெத்தை, மேலே அம்மாவின் பழைய நூல் சேலை. மூலைகளுக்கு இரட்டை மெத்தை, ஏனென்றால் முழக்கம் மூலையில்தான் குந்தியிருக்கும். இதற்கெல்லாம் 1,10,000 முடிந்தது. பாவித்த மடிக்கணினி 1,40,000, இன்ரபேஸ் 45,000, கொன்டென்சர் மைக் 65,000, அடித்தாலும் உடையாத ஷுவர் எஸ்.எம்.58 ஒன்று, ஹெட்போன் இரண்டு, சின்ன ஸ்பீக்கர் சோடி, வயர், ஸ்ரான்ட். எல்லாம் ஐந்தரை லட்சத்துக்குள். கடன் எடுக்கவில்லை, இரண்டு பெரிய பேஸ் பெட்டியை விற்றேன், மனுசியின் சங்கிலி வங்கிக்குப் போனது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தபோது 'என்ன தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். 'ஒலிப்பதிவு' என்று எழுதினேன்.

திறந்தது 2022 தை.

பங்குனியில் ரூபாயைக் கைவிட்டார்கள். 200க்குக் கிட்ட நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ஆனது. நான் 2021இல் வாங்கிய மைக்கை அதே கடையில் இரட்டை விலைக்கு வைத்திருந்தார்கள். என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னவர்கள் உண்டு. மூன்று மாதம் பிந்தி வெளிக்கிட்டிருந்தால் சங்கிலியும் போய் மைக்கும் இல்லாமல் நின்றிருப்பேன். அவ்வளவுதான் என் கெட்டித்தனம். பிறகு மின்வெட்டு. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம். ஸ்ரூடியோ திறந்து மூன்றாம் மாதம் கரண்ட் இல்லை என்றால், ஆள் என்ன நினைப்பான்?

முதல் இரண்டு நாளும் திண்ணையில் குந்தியிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு மரண அறிவித்தல் வந்தது. காத்திருக்க முடியாது, அடக்கம் பின்னேரம். மடுவில் பெடல் சுற்றிய காலத்தில் இல்லாத பற்றரி இந்தத் தரம் மடிக்கணினிக்குள் இருந்தது. இன்ரபேஸ் அந்த மடிக்கணினியிலிருந்தே கரண்ட் எடுத்து மைக்குக்கு 48 வோல்ற்றும் கொடுக்கிற சாமான். ஹெட்போனைப் போட்டு மைக்கைத் திறந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து விரலால் தட்டினேன், காது வெடித்தது. மைக் வேலை செய்தது. ஊர்தான் வேலை செய்யவில்லை.

ரீவி இல்லை, கிறைண்டர் இல்லை, தண்ணீர்ப் பம்ப் இல்லை. டீசல் இல்லாதபடியால் லான்ட் மாஸ்ரரும் இல்லை. வீட்டு வயரிங்கில் எப்போதும் கிடந்து இரைகிற 50 ஹேர்ட்ஸ் முனகலும் இல்லை. நான் 2018இல் இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் தேடிப் பிடித்த அமைதி பட்டப்பகல் பத்து மணிக்கு வந்து நின்றது. ஊரெல்லாம் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிற நேரம் இதைச் சந்தோசம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நாலைந்து மாதத்தில்தான் நான் நல்ல பாட்டுகளைப் பதிந்தேன். ஒரு லொறிப் பற்றரியும் இன்வேட்டரும் வாங்கிப் பூட்டினேன். பாடகர் குழுவை வெட்டு நேர அட்டவணை பார்த்துத்தான் வரச் சொன்னேன். "கரண்ட் போனவுடன வாங்கோ" என்று சொல்லுகிற ஸ்ரூடியோ வேறு எங்கே இருந்ததோ தெரியாது. உள்ளே வெக்கை தாங்க முடியாது. இரண்டு எடுப்புக்கு ஒரு தரம் கதவைத் திறந்து எல்லாரும் பூவரசுக்குக் கீழே நிற்போம்.

வருமானத்துக்கு வருகிறேன், அந்தப் பெடியனுக்கும் இதைத்தான் கனநேரம் சொன்னேன். என் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் மரண அறிவித்தல், நினைவு நாள், கடைத் திறப்பு, தொலைந்த மாடு, கோயில் கூட்டம். 1,500இலிருந்து 2,500 வரை. இது இழிவான வேலை என்று நினைக்கிறவர் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது, ஏனென்றால் இதில் நுட்பம் இருக்கிறது. அறிவித்தல் போகப்போவது ஓட்டோவின் மேல் கட்டிய ஹோர்னில். ஹோர்னுக்கு அடிச்சத்தம் வராது. நல்ல மைக்கில் கம்பீரமாகப் பதிந்த கட்டைக் குரல் அதில் போட்டால் சகதியாகிவிடும். 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டி, கொஞ்சம் மூக்கால் வாசிக்கிற மாதிரி வைத்தால்தான் ஒழுங்கையில் எழுத்து எழுத்தாக விழும். ஓட்டோ ஓடுகிறது, மதிலில் பட்டு எதிரொலிக்கிறது, ஆகவே ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு மூச்சு விட வேண்டும். இறந்தவரின் பெயர் இரண்டு தரம். அடக்கம் நடக்கிற நேரம் மூன்று தரம். மனுசர் அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு வருவதற்குள் முதல் வரி போய்விடும்.

பிழையும் விட்டிருக்கிறேன். ஒரு ஐயாவின் அறிவித்தலில் இரண்டாவது மகளின் பெயரைத் தவறவிட்டேன். எழுதித் தந்த கடதாசியில் மடிப்புக்குள் இருந்தது. அந்த அக்கா வெளிநாட்டிலிருந்து வரமுடியாமல் அழுதுகொண்டிருந்தவ. வட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு எனக்கு எடுத்தா. பேசவில்லை, கத்தவில்லை, "தம்பி, என்னை விட்டுட்டியள்" என்றா. அன்றிலிருந்து கடதாசியை விரித்துப் படம் எடுத்து, வீட்டாரில் ஒருவருக்கு முதலில் வாசித்துக் காட்டிய பிறகுதான் மைக்கைத் திறக்கிறேன்.

தேர்தலை நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். அவன் வந்ததே உள்ளூராட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற கணக்கில். 2024 புரட்டாதி 21 ஜனாதிபதி, கார்த்திகை 14 பாராளுமன்றம், 2025 வைகாசி 6 உள்ளூராட்சி. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல் வந்தால் யாருக்கும் ஸ்ரூடியோ போட ஆசை வரும்தான். ஆனால் 2023 பங்குனி 9இல் நடக்க வேண்டியிருந்த தேர்தலுக்கு நான் ஒன்பது பேருக்குப் பிரசாரம் பதிந்து வைத்திருந்தேன். காசில்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள். எனக்கு வரவேண்டிய காசும் அதோடு தள்ளிப்போனது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

யூரியூப்பைப் பற்றிக் கேட்டான். 1,000 பேர் சேர வேண்டும், வருசத்தில் 4,000 மணித்தியாலம் பார்க்க வேண்டும், பிறகுதான் விளம்பரக் காசில் ஒரு சதம் வரத் தொடங்கும். சினிமாப் பாட்டின் கரோக்கேக்கு மேல் பாடிப் போட்டால் அந்தச் சதமும் பாட்டின் சொந்தக்காரருக்குப் போகும், அது நியாயம்தான். கலியாணத்துக்கு மாப்பிள்ளை பாடுகிற கரோக்கே வேலை எனக்கும் வரும். செய்து கொடுப்பேன், என் பெயர் போடமாட்டேன்.

பாட்டு வருகிற காலம் வேறு கதை. இங்கே காசு நெல்லோடு வரும். மாசி, பங்குனியில் வெட்டு முடிந்து கையில் காசு புரளும்போது கோயில் சபை ஒரு பாட்டுத் தட்டு வெளியிட நினைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பில் எல்லாக் காசும் மண்ணுக்குள் இருக்கும், ஒருத்தரும் வரமாட்டார்கள். தவக்காலத்தில் பசாம், இயேசுவின் பாடுகளைச் சொல்லிப் படிப்பது. 18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ஊருக்கூர் வேறு வேறு இழுப்பில் படிக்கிறார்கள். வங்காலையில் படிப்பது போல இங்கே இல்லை. வயதான அம்மாமாரை இருத்திப் பதிந்தால் பிள்ளைகள் வாங்குகிறார்கள். திருக்கேதீச்சரத்தில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்களைப் பிள்ளைகளைக் கொண்டு பதியச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. முசலிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குக் கீதம் பதிந்தேன். ஒவ்வொன்றும் நல்ல வேலை. ஒன்றை மட்டும் நம்பி மாதம் ஓட்ட முடியாது.

ஒரு வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, நட்டக் கணக்கில் போனதென்றாலும். மன்னார்க் கூத்தில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு. மாதோட்டப் பாங்கில் ஊறிய ஒரு அண்ணாவியார், எண்பதைத் தாண்டியவர், அவருடைய தருப் பாட்டுகளைப் பதிய வேண்டுமென்று கனடாவிலிருந்து அவரின் மருமகன் எடுத்தார். ஐயாவை அறைக்குள் இருத்தி, ஹெட்போன் போட்டு, தாளத்துக்குக் கிளிக் சத்தம் கொடுத்தேன். ஐயா இரண்டு வரி பாடினார், நிறுத்தினார். "இது என்ன தம்பி, பல்லி கத்துது?" கிளிக்கை எடுத்தேன். ஹெட்போனையும் கழற்றிவிட்டார். மத்தளக்காரரை மற்ற அறையில் விட்டிருந்தேன், சத்தம் கலக்கக் கூடாதென்று. "அவன்ர மூஞ்சியைப் பாக்காமல் நான் எப்பிடித் தரு எடுக்கிறது?" பிற்பாட்டுக்காரர் வேறு நாளில் வந்து பாடுவார்கள் என்று சொன்னேன். ஐயா எழும்பிவிட்டார்.

கொழும்பில் நான் படித்ததெல்லாம் ஆட்களைப் பிரித்துப் பதிவது. அவருடைய கலை ஆட்கள் சேர்ந்து நிற்கிறதில் இருக்கிறது. கடைசியில் அறையை விட்டுவிட்டு, ஒரு மடத்துத் திண்ணையில், இரவு பதினொரு மணிக்கு, எல்லாரையும் வட்டமாக இருத்தி, இரண்டே இரண்டு மைக்கை வைத்தேன். அதே பழைய மூன்று மணித்தியாலம். ஐயா தொடங்கினால் நிறுத்த மாட்டார். முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையில் சுருதி ஒரு கட்டைக்கு மேல் ஏறியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் அவரோடு சேர்ந்து ஏறியிருந்தார்கள். கணினியில் அதைச் சமப்படுத்தலாம். தொடவில்லை. ஐந்து இரவு. மணிக்கு ஒரு கிகாபைற் என்று 15 கிகாபைற், மூன்று வட்டில் பிரதி. வந்த காசு ஆட்களின் தேநீருக்கும் ஓட்டோவுக்கும் காணும். இரண்டாம் இரவுப் பதிவில் ஒரு இடத்தில் பன்றி வெடி கேட்கும், சரியாக யுத்தத் தருவுக்கு நடுவில். அதையும் விட்டுவிட்டேன்.

இவ்வளவையும் சொல்லி முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. பெடியன் விலைப்பட்டியலை மடித்து உறைக்குள் வைத்தான். முகம் வாடியிருந்தது. "அப்ப வேண்டாம் எண்டு சொல்லுறியளோ அண்ணை?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. உன்ர போனை அறைக்குள்ள வைச்சு ஒரு நாள் முழுக்கப் பதிஞ்சுகொண்டு வா. பிறகு கதைப்பம்."

எட்டு நாள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு துண்டு அனுப்பினான். "அண்ணை, எங்கட வீடு நல்ல அமைதி. மயில்கூடக் குறைவு. ஆனா இரவு முழுக்க ஒரு உறுமல் கேக்குது, இருபது நிமிசத்துக்கு ஒருக்கா. என்னெண்டு விளங்கேல்லை." ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, வீட்டில பிறீசர் இருக்கோ?"

"ஓம். அம்மாட பிறீசர். ஐஸ்பக்கெற்றும் யோகட்டும் போட்டு விக்கிறவ. பள்ளிக்கூடப் பிள்ளையள் வாங்குங்கள்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?"

"செலவு போக ரெண்டாயிரம் வரும். வெக்கை நாளில கூட." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதை நிப்பாட்டலாமோ எண்டு அம்மாட்டைக் கேக்கட்டே?" என்றான்.

மாதத்துக்கு அறுபதாயிரம். என் அறிவித்தல் கொப்பியைப் புரட்டிப் போன மாதத்தைப் பார்த்தேன்.

"பிறீசரில கை வைக்காதை," என்றேன். "மைக்குக்கு வேற அறை பார்."